குருவம்மா வளர்த்த கொடி

உக்காருங்கப்பா, பேச்சை நிறுத்தினாத்தான் கதை. பூச்சி நிபுணர் தணிகாசலம் தொப்பியும் கேமராவுமா காட்டு பங்களாவுக்கு வந்தாரு. வாயே தொறக்காத சமையக்காரி குருவம்மா வளர்த்த ஆடுதீண்டாப்பாளைக் கொடியைப் பாத்து, "ம்ஹூம், களை. பிடுங்கு"ன்னு மூக்கால பேசினாரு.

அன்னிக்குத்தான் குருவம்மா வாயைத் தொறந்தா. "செவப்பு உடம்புப் பட்டாம்பூச்சி இதுலதான் முட்டை வைக்கும் சார். கல்யாணமாகி வந்தப்ப ஒருவாட்டி பாத்தது. ஏழு வருஷமாக் காத்திருக்கேன்."

"இப்பவே காட்டு. இல்லேன்னா கொடி இருக்காது."

அந்நேரம் கறுப்புச் செறகுல செவப்புப் பொட்டோட ஒண்ணு வந்து, பக்கத்துக் கறிவேப்பிலையில முட்டை வச்சுது.

தணிகாசலம் படக்குனு போட்டோ எடுத்துட்டு, "அதேதான்! பாத்தியா, கொடியே வேணாம்"னாரு.

"இது வேஷக்காரி சார், அதைப்போலவே செறகு வச்ச வேற சாதி. உடம்பைப் பாருங்க, கறுப்பு."

போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தாரு. கறுப்புதான். மொகம் தொங்கிப்போச்சு. "அப்ப நெசமானது எப்ப வரும்?"

"தெரிஞ்சா தெனமும் தண்ணி ஊத்திட்டு நிப்பேனா சார்? அது வர்ற அன்னிக்குக் கொடி இல்லேன்னா, உங்க தொப்பியிலயா முட்டை வைக்கும்?"