துடுப்பன் கட்டிய பாலம்

காட்டாறு குறுக்கே பாயும் ஒரு காட்டில் துடுப்பன் என்றொரு நீர்நாய் இருந்தான். பாலம் கட்டும் படிப்பில் அவனை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. எந்த மரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். ஆனால் பாருங்கள் குழந்தைகளே, வேலை கேட்டுப் போன இடமெல்லாம் "பதில் எல்லாம் சரி தம்பி, போய் வா" என்று அனுப்பிவிட்டார்கள். கரடியாரும் அனுப்பினார், காட்டெருமையாரும் அனுப்பினார். ஏன் என்று அவனுக்குப் புரியவே இல்லை.

மிச்சமிருந்தது யானையம்மாவிடம் இருந்த வேலை ஒன்றுதான். அதுவும் கை நழுவினால் வேறு காட்டுக்குப் பிழைக்கப் போக வேண்டியதுதான். பிறந்து நீந்திய ஆற்றை விட்டுப் போவதை நினைத்தாலே அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த வேலைக்கான தேர்வுக்கு அவனோடு படித்த குரங்கும் மயிலும் வந்திருந்தார்கள். குரங்குக்கு எதிலும் அவசரம். மயிலுக்கு எதிலும் அழகு பார்க்க வேண்டும். மூவருக்கும் நேர்காணல் பயிற்சி கொடுத்த கிளி, "முதலில் வாயைத் திறப்பவனுக்குத்தான் வேலை!" என்று சொல்லிச் சொல்லி அனுப்பியிருந்தது.

யானையம்மா ஓர் ஓடையைக் காட்டினாள். "மாலைக்குள் மூவருமாக இங்கே ஒரு பாலம் கட்டுங்கள். அதில் நடக்கப்போவது..."

"தேக்கு! தேக்குதான் தாங்கும்!" என்று பாய்ந்தான் துடுப்பன்.

"நடுவில் ஒரு வளைவு வைத்தால் எடுப்பாக இருக்கும்!" என்றது மயில்.

"பேச்சென்ன பேச்சு! இதோ கட்டியாயிற்று!" என்று குரங்கு கட்டையை உருட்டியது.

யானையம்மா ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

அப்புறம் நடந்த கூத்து இருக்கிறதே! யானை நடக்கத் தோதாக உயரமான பாலம் ஒன்றைத் துடுப்பன் கணக்குப் போட்டான். அதை யார் கேட்டார்கள்? குரங்கு வைத்த கட்டையை மயில் தள்ளியது. மயில் வைத்ததைத் துடுப்பன் பிடுங்கினான். நடுப்பகலும் தாண்டிவிட்டது. ஓடையில் ஒரு கட்டைகூட நிற்கவில்லை.

"சே! இதுகளோடு எவன் வேலை செய்வான்!" என்று துடுப்பன் தண்ணீருக்குள் பாய்ந்தான்.

அடியில் ஒரே அமைதி. மற்றவர்கள் சத்தமும் இல்லை, அவன் சத்தமும் இல்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. 'அடடா! யார் நடக்கப்போகிறார்கள் என்று அம்மா சொல்ல வந்தார்களே! நான்தானே குறுக்கே விழுந்து பேசினேன்! கரடியாரிடமும் இதையேதான் செய்தேன்!'

வெட்கம் பிடுங்கித் தின்ன, ஈரம் சொட்டச் சொட்ட ஓடினான். "மன்னியுங்கள் அம்மா. பாலத்தில் நடக்கப்போவது யார்?"

"அப்பாடா! இதற்குத்தான் காலையிலிருந்து கால் கடுக்க நிற்கிறேன். நீந்தத் தெரியாத நில ஆமைகளப்பா! எனக்கெதற்குப் பாலம்? நான் ஒரே எட்டில் தாண்டிவிடுவேனே!"

துடுப்பனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போட்ட கணக்கை அப்படியே விட்டுவிட்டு நண்பர்களிடம் போனான்.

"குரங்கு மாப்பிள்ளே, மூங்கில் இறக்க உன்னை விட்டால் யார்? மயிலே, ஆமைகள் வழுக்காமல் ஏற என்ன செய்யலாம், நீ சொல்லு."

மயில் கொஞ்சம் யோசித்தது. "சரிவாக வைத்து, மேலே நாணலைப் பின்னி விரிக்கலாமே?"

"பலே! எனக்கு இது தோன்றவே இல்லை!"

குரங்கு மூங்கில் இறக்கியது. மயில் நாணல் பின்னியது. துடுப்பன் தண்ணீரில் நின்று பாலத்துக்குக் கால் நட்டான். பொழுது சாய்வதற்குள் ஆமைக்கூட்டம் ஆடி அசைந்து அக்கரை போய்ச் சேர்ந்தது. ஒரு குட்டி ஆமை, "இன்னொரு தடவை போய் வரட்டுமா?" என்று கேட்டது.

யானையம்மா தும்பிக்கையால் துடுப்பனைத் தட்டிக்கொடுத்தாள். "நாளையிலிருந்து பெரிய ஆற்றில் உனக்கு வேலை. துணைக்கு யார் வேண்டும், நீயே சொல்."

"இதோ, இவர்கள் இருவரும்தான் அம்மா!" என்றான் துடுப்பன். மூன்று பேரும் போட்ட ஆட்டத்தில் ஓடைத் தண்ணீரே கலங்கிப்போயிற்று.

நீதி: படிப்பு வேலையின் வாசல்வரை கொண்டுபோய் விடும், பிறர் சொல்வதற்குக் காது கொடுப்பவனே உள்ளே போவான்.