இடது பக்கம்

"இந்தப் பிளாஸ்டிக்கே சரியில்லைங்க அம்மிணி" என்றார் மயில்சாமி.

ஷரீபா நிமிரவில்லை. அவள் முன்னால் ஒரு போன் திறந்து கிடந்தது.

"எந்தப் பிளாஸ்டிக்ண்ணா?"

"ரெஜினாம்மா ஹெட்போன். மறுபடியும் வந்துருச்சு."

மயில்சாமிக்கு வயது ஐம்பத்து மூன்று. கணபதி பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் மெஷின் ஓட்டியவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்து பார்த்தார். முடியவில்லை. காந்திபுரத்தில் மாடி மேல் இருக்கும் இந்த ரிப்பேர் கடைக்கு வேலை கற்றுக்கொள்ள வந்தார்.

கற்றுக்கொடுப்பவளுக்கு இருபத்தொன்பது.

முதல் நாள் அவர் சொன்னார்: "கரண்டு சமாச்சாரமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க அம்மிணி. ஆனா பிளாஸ்டிக்கை மட்டும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்."

"சரிங்ண்ணா. அதை எனக்கு நீங்க சொல்லிக்கொடுங்க" என்றாள் அவள்.

இப்போது அவர் உடைந்த ஹெட்போனை அவள் மேஜையில் வைத்தார். காதை மூடும் கிண்ணத்தைத் தாங்கிப் பிடிக்கும் கை, இரண்டாகப் போயிருந்தது.

"மொதல் தடவை ஒட்டினேன். ரெண்டாந்தடவை உள்ள கம்பி வெச்சேன். மூணாந்தடவை பித்தளைத் தகடே போட்டேன். தகடு அப்படியே இருக்குது பாருங்க. அதுக்கு ஒரு விரக்கடை மேல உடைஞ்சிருக்குது. மாசம் ஒருக்கா இதே வேலைங்க. நடுவுல புதுசு வேற வாங்கிப் பாத்தாங்களாம். அதுவும் அங்கயேதான் உடைஞ்சுதாம்."

"எந்தப் பக்கம்?"

"இடது."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும்."

"வலது?"

"புதுசாட்டம் இருக்குது."

"ரெண்டும் ஒரே பிளாஸ்டிக்தானுங்களே அண்ணா?"

மயில்சாமி ஹெட்போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"கிண்டல் பண்ணாதீங்க. இன்னொரு தடவை இது படியேறி வந்துச்சுன்னா, நான் டிபன் பாக்ஸை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடறேன். நெசமாத்தான் சொல்றேன். பிளாஸ்டிக்கும் தெரியலைன்னா அப்புறம் எனக்கு என்னதான் தெரியும்?"

ஷரீபா அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"ஒட்டிக் காயவிட்டு, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க. கொடுத்த உடனே வந்துராதீங்க. ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

"கொடுப்பாங்களா?"

"கேட்டுக் குடிங்க."

ரெஜினா வீட்டிலிருந்தபடியே வேலை செய்பவர். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். நாள் முழுக்கக் காதில் ஹெட்போன். மேஜைக்கு இடது பக்கம் ஒரு கட்டில். கட்டிலில் கணவர் சேவியர். பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும்.

மயில்சாமி கேட்காமலேயே டீ வந்தது.

"ரெஜி" என்றார் சேவியர்.

ரெஜினா இடது கையால் கிண்ணத்தைக் காதிலிருந்து இழுத்து விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"மழை..."

விரித்த கை விரித்தபடியே இருந்தது.

"வருமா?"

"இன்னைக்கு வராதுங்க."

கிண்ணம் காதுக்குத் திரும்பியது. மயில்சாமியின் டீ ஆறிக்கொண்டிருந்தது.

கடைக்கு வந்ததும் சொன்னார்: "பதினோரு தடவை இழுத்தாங்க அம்மிணி. ஒரு டீ குடிக்கறதுக்குள்ள. இரும்பா இருந்தாலும் உடைஞ்சிருமுங்க."

"அப்ப பிளாஸ்டிக் மேல தப்பில்லை."

"இல்லைங்க."

"என்ன பண்ணலாம்?"

அதை அவர் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தார். மறுநாள் போய் ஹெட்போனை வாங்கி வந்தார். இடது கிண்ணத்தின் தடித்த குஷனைக் கழற்றிவிட்டு மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்தார். தலையில் மாட்டிக்கொண்டு ஷரீபாவைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

"மயில்சாமிண்ணா" என்றாள் அவள், மெதுவாக.

"ஏனுங்க!" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஒரு மாதம் ஆனது. ஹெட்போன் வரவில்லை. மயில்சாமி கீழே டீக்கடைக்காரரிடம் ஸ்பாஞ்ச் பற்றி விளக்கினார். பக்கத்து ஜெராக்ஸ் கடையிலும் விளக்கினார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ரெஜினா படியேறி வந்தார். மேஜையில் பையைக் கவிழ்த்தார். உடைந்த ஹெட்போன் விழுந்தது.

இடது பக்கம்.

மயில்சாமி முதலில் தன் டிபன் பாக்ஸைப் பார்த்தார். பிறகுதான் ரெஜினாவைப் பார்த்தார்.

"ஸ்பாஞ்ச் வழியா உங்க வீட்டுக்காரர் பேசறது கேக்கலைங்களா?"

"நல்லாக் கேக்குதுங்ண்ணா."

"பின்ன எதுக்குங்க காதுல இருந்து எடுக்கறீங்க?"

"எடுக்காமத்தான் ரெண்டு நாள் பதில் சொன்னேன். பேச்சையே நிறுத்திட்டார். சாப்பிடறீங்களான்னா தலையாட்டறது, படுக்கறீங்களான்னா தலையாட்டறது. எனக்குப் பயமாப் போச்சு. மூணாம் நாள் சும்மாத்தான் இதை இழுத்துட்டு அவரைத் திரும்பிப் பாத்தேன். உடனே, 'ரசத்துல... உப்பு... இல்லை' ன்னார்."

"அன்னைக்கு ரசத்துலயா?"

"முந்தாநாள் ரசத்துல. ரெண்டு நாளா மனசுலயே வெச்சுட்டு இருந்திருக்கார் மனுசன்."



ஷரீபா போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, தன் மேஜையின் கீழ் இழுப்பறையைக் காலால் இழுத்துத் திறந்தாள்.

மயில்சாமி குனிந்து பார்த்தார். உள்ளே ஹெட்போன் கைகள். பழசிலிருந்து கழற்றித் துடைத்து வைத்தவை. எல்லாம் இதே மாடல். ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

எல்லாம் இடது.

"எப்ப இருந்துங்க சேத்தறீங்க?"

"நீங்க டீ குடிச்சுட்டு வந்தீங்களே, அன்னைல இருந்து."

மயில்சாமி டிபன் பாக்ஸை எடுத்தார். மேஜையில் இடம் பண்ணுவதற்காக அதைத் தரையில் வைத்தார். ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார்.

"உக்காருங்கம்மா" என்றார் ரெஜினாவிடம். "ஒரு டீ குடிக்கற நேரந்தான்."