கோழி எதைத் தேடுகிறது

அந்தக் காலத்தில் கோழிக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சுதான். கோழிக்கு மண்ணைக் கிளறத் தெரியாது. கத்திரி இலையின் பின்புறம் ஒட்டியிருக்கும் புழுவைக் கொத்தித் தின்னும். அது நடந்துபோன கீரைப்பாத்தியில் ஒரு நாற்றுகூடச் சாய்ந்ததில்லை.

வீரணன் வீட்டுக் கொல்லையில் அப்படி ஒரு செவலைக் கோழி இருந்தது. பூசணிக்கொடி மறைவில், சாம்பல் குழியில், ஒன்பது முட்டை இட்டு வைத்திருந்தது.

"அண்ணே, இன்னைக்குப் பொழுதோட அடைக்கு உட்காரப் போறேன். அப்புறம் இரை எடுக்க நேரம் இருக்காது. வயக்காட்டுல வயிறாரத் தின்னுட்டு வந்துடறேன். குழியைப் பார்த்துக்குங்க" என்றது.

"போய்ட்டு வா தாயி. நான் இருக்கேன்ல?" என்றான் வீரணன்.

கோழி அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் மூக்கன் வந்து நின்றான். வீரணனின் மனைவி காத்தாயிக்கு அண்ணன். தங்கையைக் கட்டிக் கொடுத்தபின் முதல்முறையாக வருகிறான். அடுப்பில் கத்திரிக்காய்க் குழம்பு. பக்கத்தில் பீர்க்கங்காய்க் கூட்டு, முருங்கைக்கீரை. எல்லாம் காலையில் கொல்லையில் பறித்தவை.

மூக்கன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "என்ன மாப்பிள்ளை, என் தங்கச்சியை ஆடு மாதிரி தழை போட்டு வளர்க்கிறீங்களா?"

விளையாட்டாகச் சொன்னதுதான். வீரணனுக்குக் காது சுட்டது. கொல்லைக்குப் போய் ஒன்பது முட்டையையும் வேட்டி மடியில் கட்டிக்கொண்டு வந்தான்.

"ஏங்க, அது நம்மளை நம்பி வச்சுட்டுப் போயிருக்கு" என்றாள் காத்தாயி.

"இன்னும் ஒன்பது இடும். குழம்புல உடைச்சு ஊத்து."

மூக்கன் முட்டையை இலையோரம் ஒதுக்கிவிட்டு, கத்திரிக்காயை மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றான். ஒதுக்கியது போக மிச்சத்தை வீரணனே தின்று தீர்த்தான்.

பொழுது சாயக் கோழி வந்தது. "அண்ணே, முட்டையைக் காணோமே?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவன் வாயிலேயே முட்டை வாசம் அடித்தது.

"பெருச்சாளி வந்துச்சு தாயி. உருட்டிட்டுப் போய் இங்கதான் எங்கேயோ மண்ணுக்குள்ள புதைச்சிருக்கும். தேடிப் பாரு."

"நீங்க இருந்ததாலதான் தின்னாம விட்டிருக்கு அண்ணே" என்று கோழி நன்றி சொன்னது. அவன் தலை கவிழ்ந்தது. கோழி முதல்முறையாகக் காலால் மண்ணைப் பறித்தது.

"போய்ச் சொல்லுங்க. திட்டினா வாங்கிக்கலாம்" என்றாள் காத்தாயி.

"நாளைக்குச் சொல்றேன்."

மூன்றாம் நாள் கோழியின் நகத்தில் ரத்தம் கசிந்தது. "அண்ணே, கத்திரிப் பாத்தியில பார்க்கட்டுமா? நாத்து போயிடுமே."

"பாரு தாயி" என்றான். நாற்றெல்லாம் வேரோடு விழுந்தது. நாற்றைக் கொடுத்தான், உண்மையான அந்த ஒரு சொல்லைக் கொடுக்க முடியவில்லை.

ஏழாம் நாள் கோழி அவன் காலடிக்கே வந்தது. "பெருச்சாளி எந்தப் பக்கம் போச்சுண்ணே? ஒரு தடவை சொல்லுங்க."

வீரணனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையை வீசி, "சூ!" என்றான்.

கோழி திரும்பிப் போனது. மனிதனிடம் அது அதற்குப் பிறகு பேசவேயில்லை.

அன்று முதல்தான் கோழி மண்ணைப் பறித்து, ஓரடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் குழிக்குள் பார்க்கிறது. நாமும் அதனிடம் சொல்ல வேறு வார்த்தை இல்லாமல், "சூ" என்று விரட்டிக்கொண்டிருக்கிறோம்.