எறும்பு மொய்த்த தேன்

மாசாணம் என்ற கரடி ஆற்றங்கரைச் சந்தையில் தேன் கடை போட்டது. காடே சிரித்தது. "கரடி தேன் விக்குதாம்! பாதியைக் குடிச்சிட்டு மீதியில தண்ணி ஊத்தாமலா இருக்கும்?"

பாவம், மாசாணம் ஒரு சொட்டுகூடக் கலந்ததில்லை. மருதமரப் பொந்துகளில் மூன்று தேனீக் கூட்டங்களைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தது. அந்தத் தேனை விற்றுத்தான் மழைக்காலத்துக்குத் தினை வாங்க வேண்டும்.

முதலில் வந்தது வெள்ளச்சி என்ற முயல். அதன் குட்டிக்கு இருமல். ஆனாலும் சும்மா வாங்கிவிடுமா?

"சுத்தமான தேனை எறும்பு மொய்க்காதாம். ஒரு சொட்டு விடு, பார்க்கலாம்!"

மாசாணம் பாறையில் ஒரு சொட்டு விட்டது. கண் மூடித் திறப்பதற்குள் எறும்புகள் மொய்த்துவிட்டன.

"கலப்படம்! கலப்படம்!" என்று எதிரே தேன் கடை போட்டிருந்த நரி கூவியது. "இங்கே வா தாயி! பாறையெல்லாம் அழுக்கு. என் இலையிலேயே விடுறேன், பாரு!"

நரியின் இலைப் பக்கம் ஓர் எறும்புகூட வரவில்லை. வெள்ளச்சி நரியிடமே வாங்கிக்கொண்டு போனது.

மாசாணத்துக்கு அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. கடைசியில் அதற்கும் சந்தேகம் வந்துவிட்டது. நேரே மருதமரத்தடிக்குப் போய்த் தேனீக்களைப் பார்த்துக் கத்தியது.

"எந்த வெல்லப் பானையை நக்கிட்டு வந்தீங்க? உண்மையைச் சொல்லுங்க!"

"இத்தனை நாள் கூட இருந்தும் எங்க மேலயே சந்தேகமா?" என்று ராணித் தேனீ கேட்டது.

மாசாணம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தது. வழியில் ஓர் எறும்பு வாயைத் துடைத்துக்கொண்டு போனது.

"உன்னாலதான் என் பொழப்பே போச்சு! நரி தேனை மட்டும் ஏன் தொடல?"

"இனிப்பு எங்கே இருந்தாலும் நாங்க போவோம் அண்ணே! உன் தேன் அருமை. நரியோடது வெறும் வெல்லப்பாகு. அதையும் விட்டிருக்க மாட்டோம். ஆனா இலை பூரா வேப்பெண்ணெய் பூசியிருக்கானே, எப்படி ஏறுறது? எங்களை வேடிக்கை பார்த்தீங்க, ஒருத்தராவது வாய்திறந்து கேட்டீங்களா?"

மாசாணம் எறும்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு ஓடியது. இருமல் குறையவில்லை என்று வெள்ளச்சி அங்கே நரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"அந்த இலையை மோந்து பாரு தாயி!" என்றது மாசாணம்.

வெள்ளச்சி மோந்தது. குப்பென்று வேப்பெண்ணெய் நாற்றம்! "அதனாலதான் நாங்க ஏறல. அது வெல்லப்பாகு, அண்ணன் தேன்தான் அசல்!" என்றது தோளில் இருந்த எறும்பு. நரி எடுத்த ஓட்டத்தில் கடையைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணே, எனக்கு ஒரு குடுவை!"

"எனக்கு ரெண்டு!"

இருந்த தேனெல்லாம் தீர்ந்துபோனது. இன்னும் எடுத்துவர மாசாணம் துள்ளிக்கொண்டு மரத்துக்கு ஓடியது. அங்கே ரீங்காரமே இல்லை. மூன்று பொந்துகளும் காலி.

"தப்புதான் தாயே, மன்னிச்சிடு!" என்று பொந்துக்குள் தலையை விட்டுக் கதறியது. கேட்பதற்கு அங்கே ஒரு தேனீயும் இல்லை.

ஊர் சந்தேகப்பட்டால் சரக்குதான் தேங்கும். உழைத்துத் தருகிறவரை நாமே சந்தேகப்பட்டால் கூடே காலியாகிவிடும்.