கிளாரினெட்தான் கெடுக்குது

டிரம் வாசித்த ஞானப்பிரகாசம் அண்ணன் சொன்ன இந்தக் கதையைக் கேட்டுப் பல வருடம் நானும் சிரித்திருக்கிறேன்.

அண்ணன் இருந்த பேண்டு செட்டின் முதலாளி ரத்தினசாமி, ஒத்திகையில் ஒரு பாட்டையும் முடிக்க விடமாட்டாராம். "நிறுத்து! கிளாரினெட் அபஸ்வரம். சவரிமுத்து, நீ அடுப்பு ஊதத்தான் லாயக்கு!"

ஒருநாள் முதலாளி, செட்டை நடத்தும் லீடர் எஸ்தரிடம் கத்தினார். "இன்னிக்கே இவனைச் சரிபண்ணு. இல்லேன்னா ரெண்டு பேரும் வெளிய போங்க."

எஸ்தர் கிளாரினெட்டை வாங்கி, ஏதோ திருகிக் கொடுத்தாள். மற்றவர்களோடு சேர்ந்து சவரிமுத்தும் கன்னம் உப்ப ஊதினார். பாதிப் பாட்டில் முதலாளி குதித்தார். "பழையபடி கிளாரினெட்தான் கெடுக்குது!"

எஸ்தர் உள்ளங்கையை விரித்தாள். கிளாரினெட்டின் ரீட், அந்த மெல்லிய நாணல் தகடு, அதில் இருந்தது. "இது இல்லாம அதுல சத்தமே வராது. நீங்க எதைக் கேட்டீங்க, முதலாளி?"

இந்த இடத்தில் அண்ணன் சிரிப்பார். போன மாதம் அப்படிச் சிரித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டுவிட்டேன். "சவரிமுத்து சரியாத்தான் வாசிச்சாருன்னு பக்கத்துலயே இருந்த உங்களுக்குத் தெரியும்ல. அத்தனை நாளும் நீங்க ஏன் வாயைத் திறக்கல, அண்ணே?"