இலுப்பையைச் சுற்றி நூறு பாட்டு

"அம்மா, எனக்கு அலுத்துப்போச்சு. இனிமேல் நான் வாயைத் திறக்கப்போறதில்லை."

புலவர் வயிரவநாதன் இதைச் சொன்னபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அறுபத்தெட்டு வயசு அவருக்கு. மரமும் சாமி, ஆறும் சாமி என்று இருபது வருஷமாக ஊர் ஊராகப் போய்த் தொண்டைத்தண்ணி வற்றப் பேசிய மனிதர்.

தவமணியம்மா நிமிரவில்லை. மடத்து வாசலில் ஒரு கன்று நடக் கடப்பாரையால் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கூரை, ஒரு கிணறு, அவ்வளவுதான். தவமணியம்மா புலவரைவிட இருபது வயசு இளையவர். அதிகம் பேசமாட்டார். ஓயாமல் பேசுகிற புலவர் அவரைத்தான் குரு என்று தேடி வருவார். அது எப்படி அமைந்ததோ, போங்கள்.

"என்ன ஆச்சு, புலவரே?"

"நம்ம கோவில் இலுப்பை பட்டுப்போயிட்டு வருதும்மா. உச்சியில ஒரு இலை இல்லை. வர்ற வெள்ளிக்கிழமை வெட்டப்போறாங்களாம்."

"ம்."

"அதுக்கு முந்தி நான் அதன் அடியில உட்கார்ந்து கடைசியா ஒரு சொற்பொழிவு செய்யணுமாம். என் வாயாலேயே அதை வழியனுப்பணுமாம்."

அந்த மரம் என்றால் புலவருக்கு உயிர். அதன் மேல் நூறு பாட்டு எழுதியிருக்கிறார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு நாள், இலுப்பைப் பூ சேற்றில் விழுந்து கால்பட்டு நசுங்குகிறதே, இது பாவமில்லையா என்று கோவிலில் உருகிப் பேசினார். கேட்டவர்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆளுக்கொரு கல் கொடுத்தார்கள். கல்லுக்கொரு பாட்டு செதுக்கி, நூறு கல்லையும் மரத்தைச் சுற்றிப் பதித்தார்கள். அதற்குப் பிறகு பூவில் சேறு படவில்லை. கூட்டி எடுக்கவும் சுலபம்.

"கலி முத்திப்போச்சும்மா" என்றார் புலவர். "யாருக்கும் பக்தி இல்லை. மரத்துக்கு அது தெரியாமலா இருக்கும்? அதான் போறேன்னு கிளம்பிடுச்சு."

தவமணியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடப்பாரையைத் தோளில் வைத்தார்.

"வாங்க, பார்த்துட்டு வருவோம்."

"இந்த வெயில்லயா?"

அம்மா அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

கோவிலில் ஆள் இல்லை. நடை சாத்தியிருந்தது. இலுப்பையில் தொங்கும் வௌவால்கள்கூட வேறு மரம் பார்த்துப் போய்விட்டன. மரத்தை அண்ணாந்து பார்த்த புலவருக்குக் கண் கலங்கியது.

அம்மா மதிலோரம் போய் உட்கார்ந்தார்.

"மரத்துக்கு ஒரு குடம் தண்ணி கொண்டாங்க, புலவரே."

ஆறு பின்வாசலுக்குக் கீழேதான். ஆனால் பதினாறு படி. புலவரின் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் முனகியது. குடத்தைத் தூக்கி வந்து அடிமரத்தில் பயபக்தியோடு ஊற்றினார்.

தண்ணீர் கல்லில் பரவியது. செதுக்கிய எழுத்துகளில் நிறைந்து மினுங்கியது.

*வேருக்கு நீராக அடியேன் வந்தேன்.*

"பாருங்கம்மா" என்றார் புலவர். "எழுத்து எவ்வளவு தெளிவா தெரியுது."

"இன்னொரு குடம்."

அதையும் கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது. ஊற்றினார். எழுத்து மறுபடி மினுங்கியது. அம்மா எழுத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"இன்னொரு குடம்."

"நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?"

புலவருக்குக் கோபம்தான். இருந்தாலும் குரு சொன்னதைத் தட்ட முடியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார். பாதிப் படியில் உட்கார்ந்து எழுந்துதான் மேலே வர முடிந்தது.

மூன்றாவது குடத்தை ஊற்றியதும் அவரால் நிற்க முடியவில்லை. ஈரக் கல்லின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

அப்போதுதான் தண்ணீர் அவர் கண்ணுக்கு நேரே ஓடியது.

ஒரு பாட்டை நிரப்பிவிட்டு அடுத்த கல்லுக்குப் போனது. அங்கிருந்து அதற்கடுத்த கல். அப்படியே மதிலோர வடிகாலில் இறங்கி, அவர் எந்த ஆற்றிலிருந்து மொண்டு வந்தாரோ அந்த ஆற்றுக்கே போய்ச் சேர்ந்தது.

புலவர் எழுந்து மண்டியிட்டார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தார். சிமெண்ட். தவழ்ந்தபடியே மரத்தை ஒரு சுற்று வந்தார். பட்டையை ஒட்டிக்கொண்டு சிமெண்ட். ஒரு விரல் மண் எங்கேயும் இல்லை.

"அம்மா, வேருக்கு ஒரு சொட்டுகூடப் போகலை."

புலவர் இன்னொரு இடுக்கிலும் விரலை வைத்துப் பார்த்தார்.

"மூணு வருஷமா போகலை."

அம்மா எழுந்து வந்து, கடப்பாரையை அவர் பக்கத்தில் வைத்தார்.

புலவர் அதை எடுத்தார். முனையை இரண்டு கல்லுக்கு நடுவில் வைத்தார். மறுபடி கீழே வைத்துவிட்டார்.

"சிமெண்ட் நல்லா இறுகிக் கிடக்கு. நெம்பினா கல்லு உடைஞ்சிடும்மா. பாட்டு போயிடும். நூறும் நான் எழுதினது."

"உங்களுக்கு மனப்பாடம்தானே, புலவரே?"