தொண்டையில் நின்ற அத்திப்பழம்

மேற்கு மலைக்காட்டில் பொன்னலகன் என்று ஓர் இருவாச்சிப் பறவை இருந்தான். பெரிய மஞ்சள் அலகு. பறந்தால் சிறகுச் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். அவனுடைய அப்பா சாகும்போது மூன்று அத்திமரங்களையும் ஓர் ஆலமரத்தையும் விட்டுப் போயிருந்தார். அந்தக் காட்டில் அதற்கு மேல் சொத்து கிடையாது.

ஒற்றைப் பிள்ளை. செல்லம் என்றால் அப்படியொரு செல்லம். இறக்கை முளைத்து நான்கு வருஷம் ஆன பிறகும் அம்மாதான் பழத்தை அவன் வாயில் வைத்தாள். அவளும் போன பிறகு அந்த வேலையை மைனாக்கள் எடுத்துக்கொண்டன. "ஐயா, வாயைத் திறங்க!" என்று அவை சொல்லும். அவன் திறப்பான். அவன் கற்றுக்கொண்ட தொழில் அது ஒன்றுதான். அவனுடைய மரங்களில் மைனாக்கள் வயிறு முட்டத் தின்னலாம், அதுவே அவற்றின் கூலி.

பெண்களோடு சுற்ற மட்டும் அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பருவத்துக்கு ஒருத்தி. "நீ இல்லாம நான் இல்ல!" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்வான். அடுத்த பருவம் வருவதற்குள் அவள் பெயர்கூட மறந்திருக்கும்.

ஒரு நாள் ஆற்றங்கரை நாவல் மரத்தில் மருதியைப் பார்த்தான். அவளும் இருவாச்சிதான். சொந்தமாக ஒரு மரம்கூட இல்லாதவள். அவன் அந்த நாவல் மரத்துக்கு மேலே மூன்று வட்டம் அடித்துக் காட்டினான். அவள் தின்பதை நிறுத்தவில்லை.

"நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டான்.

"தெரியும். நாலு மரத்துக்காரர்."

"அப்புறம் என்ன யோசனை? வா, என்கூட இரு!"

மருதி நாவல் கொட்டையைத் துப்பினாள். "இருக்கலாம். ஆனா நம்ம வழக்கம் தெரியும்தானே? மரப்பொந்துக்குள்ள போனா வாசல அடைச்சிருவேன். அலகு நுழையிற அளவுக்கு ஒரு கீறல்தான் இருக்கும். என் இறகெல்லாம் உதிர்ந்துரும். பறந்து தப்பிக்கக்கூட முடியாது. நீங்க கொண்டாந்தாத்தான் எனக்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. கொண்டாரத் தெரியுமா?"

"இது ஒரு பெரிய வித்தையா!"

"அப்ப ஒரே ஒரு அத்திப்பழம் கொண்டாங்க. உங்க தொண்டையில அடக்கி, நீங்களே கொண்டாரணும்."

பொன்னலகன் சிரித்துக்கொண்டே போனான். பழத்தைப் பறித்தான். பாதி வழியில் விழுங்கிவிட்டான். வாய்க்கு வந்ததை வயிற்றுக்கு அனுப்பித்தானே பழக்கம்? மறுநாளும் விழுங்கினான். அதற்கு அடுத்த நாளும் அதே கதிதான். குரங்குகள் கிளையைக் குலுக்கிச் சிரித்தன.

"எதுக்கு ஐயா இந்தப் பாடு? காட்டுல வேற பொண்ணா இல்ல?" என்றன மைனாக்கள்.

அவன் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து அவனுக்குக் கிடைக்காத முதல் பொருள் அவள். பத்தொன்பது நாள் தோற்றான். இருபதாம் நாள் கண்ணில் நீர் வழிய, தொண்டை வீங்க வந்து, அவள் முன்னால் ஒரு பழத்தைக் கக்கி வைத்தான். எச்சில் பட்டு நசுங்கிப்போன பழம். மருதி அலகால் அதைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு எடுத்துத் தின்றாள்.

"சரி," என்றாள்.

காடே கொண்டாடியது! ஊர் மேய்ந்துகொண்டிருந்தவன் ஒருத்திக்காகத் திருந்திவிட்டான் என்று மான்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. பொன்னலகன் ஆற்றுச் சேற்றை அள்ளி அள்ளிக் கொண்டுவந்தான். மருதி பொந்துக்குள் இருந்தபடி வாசலைப் பூசினாள். கடைசி உருண்டையை வைக்குமுன் கேட்டாள்:

"மறந்துர மாட்டீங்களே?"

"உசிரு இருக்கற வரைக்கும் மாட்டேன்!"

அது பொய் இல்லை. அந்த நிமிஷத்தில் அவன் மனசாரத்தான் சொன்னான். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

கதையை இங்கேயே முடித்தால் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் பொந்துக்குள் இருக்கிறவளுக்கு நாளைக்கும் பசிக்குமே!

பத்து நாள் ஒழுங்காகத்தான் கொண்டுவந்தான். பதினோராம் நாள், பழத்தோடு வருகிற வழியில், குட்டைக்கரையில் நின்ற மான்கள் அவனைக் கூப்பிட்டன.

"அந்த இருபது நாள் கதையைக் கொஞ்சம் சொல்லுங்களேன்!"

பழத்தை விழுங்கிவிட்டுச் சொன்னான். பேச வாய் வேண்டுமே! எப்படித் தோற்றான், எப்படி அழுதான், எப்படி ஜெயித்தான் என்று விவரமாகச் சொன்னான். மான்கள் உருகிப்போயின. மறுநாள் முயல்கள் வந்தன. அதற்கு மறுநாள் காட்டெருமைகளே வந்து உட்கார்ந்தன. சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. இருபது நாள் இரண்டு மாதமாயிற்று. பொழுது மட்டும் போதவில்லை.

"நாங்க எதுக்கு இருக்கோம் ஐயா? பழத்த நாங்க கொண்டுபோய்க் குடுக்கறோம்!" என்றன மைனாக்கள். அவனுக்குப் பெரிய பாரம் இறங்கியது போல் இருந்தது.

எப்போதாவது பொந்துப் பக்கம் வருவான். கீறல் வழியாக மருதி சொல்வாள்: "நீங்க வந்தா நல்லா இருக்கும். மைனா கொண்டார்றது பத்தல. முட்டை பொரிக்கற நாளாச்சு."

"நாள் முழுக்க உன்னப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கேன் மருதி! காடே உன் பேரச் சொல்லுது!"

"அது எனக்குக் கேக்கல. வயித்துக்கும் வந்து சேரல."

அவனுக்கு மனத்தாங்கலாகிவிட்டது. காடு முழுக்கப் புகழ்கிறது, இவளுக்கு மட்டும் குறை! பொந்து இருந்த மரத்திலேயே குடியிருந்த மலையணில் ஒரு நாள் அவனைத் தேடிக் குட்டைக்கே வந்தாள்.

"தம்பி, குஞ்சு பொரிஞ்சிருச்சு. ராத்திரி பகலாக் கத்துது. மைனாங்க பாதி வழியிலயே பழத்தத் தின்னுடறாங்க. நான் குடுக்கற கொட்டைய அதால முழுங்க முடியல. நீ வாப்பா!"

"அணிலக்கா, மைனாங்கள நான் சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன். நாலு பேர் என்னை நல்லா பேசறது உங்களுக்குப் பொறுக்கல."

"தினமும் நூறு பழம் குடுக்கறோம் ஐயா!" என்றன மைனாக்கள். அவற்றின் அலகில் அத்திச்சாறு காய்ந்திருந்தது. அவன் கவனிக்கவில்லை.

அப்போது பார்த்து அக்கரை மலையில் காட்டுக்கோழி வீட்டுக் கல்யாணம் வந்தது. காதலுக்கு இலக்கணமான பொன்னலகன் வந்து மணமக்களை வாழ்த்த வேண்டும் என்று அழைப்பு. போனான். முதல் நாள் பேசினான். இரண்டாம் நாளும் பேசச் சொன்னார்கள். மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் அங்கேயே தங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் கதை சொன்னான். கடைசி நாள் மணப்பெண் அவன் காலில் விழுந்து, "உங்கள மாதிரி ஒருத்தர் எனக்குக் கிடைக்கணும்னு ஆசீர்வாதம் பண்ணுங்க!" என்றாள். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை நெளிந்தான்.

அந்தச் சொல் எங்கோ அவனைத் தைத்தது. உடனே கிளம்பினான். வழியில் தன் மரத்தில் இறங்கித் தொண்டை கொள்ளுமட்டும் பழம் அடக்கினான். ஒன்றைக்கூட விழுங்கவில்லை. ஒரே மூச்சாகப் பறந்து பொந்துக்கு வந்து, கீறலைத் தட்டினான்.

குஞ்சுச் சத்தம் கேட்கவில்லை. தூங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். வெகுநேரம் கழித்து மருதியின் அலகு வெளியே வந்தது. அவன் ஒரு பழத்தைக் கொடுத்தான். வாங்கிக்கொண்டாள். இன்னொன்றை நீட்டினான்.

"இது குஞ்சுக்கு!" என்றான் ஆசையாக.

"வேண்டாம்," என்றாள் மருதி. "இனிமே ஒரு வாய்க்குக் கொண்டாந்தாப் போதும்."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. அதற்கு அவள் உடம்பில் தெம்பு இல்லை. கிளையில் உட்கார்ந்திருந்த மலையணில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றோடு பொன்னலகன் குட்டைக்கரைப் பக்கம் போவதை விட்டான். மைனாக்களை விரட்டினான். ஒரு நாளைக்கு முப்பது தடவை பறந்தான். மழையிலும் வந்தான், காய்ச்சலோடும் வந்தான். எந்த மரத்துப் பழம் அவளுக்குப் பிடிக்கும், எது தொண்டையில் கரிக்கும் என்பதெல்லாம் அந்த நாட்களில்தான் அவனுக்குத் தெரியவந்தது. அவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தியை நேசித்தான். மருதி தினமும் வாங்கித் தின்றாள். பிடித்திருக்கிறதா என்று கேட்டால் அலகை உள்ளே இழுத்துக்கொள்வாள். சிறகில்லாதவளுக்கு வேறு வழி ஏது?

நாற்பதாம் நாள் காலை அவன் பழத்தோடு வந்தபோது சுவர் உடைந்து கிடந்தது. மருதி பொந்தின் வாசலில் நின்று புதுச் சிறகுகளை உதறிக்கொண்டிருந்தாள்.

"மருதி! நான் திருந்திட்டேன். இப்ப நிஜமாவே திருந்திட்டேன்!"

"தெரியுது," என்றாள் அவள். "அந்த அஞ்சு நாள்ல வந்திருக்கலாம்."

பறந்துவிட்டாள். ஆற்றைத் தாண்டி, அக்கரை மலையையும் தாண்டிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பொன்னலகன் தொண்டையில் அத்திப்பழத்தோடு உட்கார்ந்திருந்தான். கொடுக்க ஆளில்லை. விழுங்கிப் பார்த்தான், இறங்கவில்லை.

குட்டைக்கரையில் மைனாக்கள் இன்னமும் அந்தக் காதல் கதையைச் சொல்கின்றன. வாசல் பூசி முடித்ததோடு நிறுத்திவிடும். மான்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகும்.

பசித்த நேரத்தில் வந்து சேராத அன்பு, பிறகு எத்தனை உண்மையாக வந்தாலும் போன உயிரைத் திருப்பித் தராது.